பேஷண்டுக்குக் கூட யாரு?

செல்லக்கிளிக்கு நெய்வேலி டவுன்ஷிப் முழுக்கச் சொந்தம். ஒரு பிளாக்கில் அவள் சித்தி. இன்னொரு பிளாக்கில் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. மெயின் பஜாருக்குப் பின்னால் ஒரு குவார்ட்டர்ஸில் ஊரிலிருந்து வந்த அத்தை. இத்தனையும் சம்பளத்துக்கு வந்த உறவு. வேலை முடிந்ததும் உறவும் முடிந்துபோகும், அவளும் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

அவள் வேலை, படுத்துக் கிடக்கிறவர்களுக்குக் கூட இருப்பது. நர்ஸ் படிப்பெல்லாம் படித்ததில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கஞ்சி கொடுத்து, பெட்பேன் வைத்து, முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைத்து, டாக்டர் வந்தால் எழுந்து நின்று, அவர் சொன்னதை வீட்டுக்குப் போனில் ஒப்பிக்க வேண்டும். புருஷனுக்கு ஷிப்ட், பெண்டாட்டிக்கு ஆபீஸ், பிள்ளைக்கு டியூஷன். விழுந்து கிடக்கிற கிழவியோடு யார் இருப்பது? செல்லக்கிளி இருப்பாள். வீட்டிலும் இருப்பாள், ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அங்கேயும் கூடவே போய் இருப்பாள்.

ஆனால் நம்ம ஆட்களுக்கு ஒரு வீம்பு உண்டே. பெற்ற தாய்க்குக் காசு கொடுத்து ஆள் வைத்தோம் என்று எதிர் குவார்ட்டர்ஸ்காரிக்குத் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அதனால் முதல் நாளே அவளைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "யாராவது கேட்டா சொந்தம்னு சொல்லிடுங்க" என்பார்கள். என்ன சொந்தம் என்பதையும் அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். அவளும் அந்த வீட்டு உறவை அந்த வீட்டோடு வைத்துக்கொள்வாள். ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. ஒரு வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டில் வாய் திறந்ததும் இல்லை. அந்த நல்ல பேரை வைத்துத்தான் அவளுக்கு வேலை வந்துகொண்டிருந்தது.

நிஜச் சொந்தம் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியமே இல்லை. முத்தாண்டிக்குப்பத்தில் பிறந்தவள். முந்திரிக்கொல்லையில் கூலிக்குப் போன அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கட்டினவன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனான், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. ஒரே ஒரு அண்ணன், சேத்தியாத்தோப்பில். இந்திரா நகரில் கமர் நிஷா என்கிற அம்மாள் வீட்டின் பின்பக்கம் ஒற்றை ரூம் வாடகைக்கு எடுத்திருந்தாள். அங்கே அவள் படுத்ததைவிட அவளுடைய டிரங்குப் பெட்டி படுத்திருந்த நாள்தான் அதிகம்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தவளுக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் முட்டி போனது.

ஜெயப்பிரகாஷ் என்கிற மைன்ஸ் அதிகாரி வீட்டில் அவருடைய அப்பாவுக்குக் கூட இருந்த சமயம் அது. பக்கவாதம் வந்த மனிதர், நல்ல ஆகிருதி வேறு. பாத்ரூமில் கமோடிலிருந்து தூக்கி நிறுத்தும்போது ஈரத்தில் அவர் கால் வழுக்கியது. அவரைக் கீழே விட்டுவிடக் கூடாதே என்று மொத்த பாரத்தையும் இவள் வாங்கினாள். பாதம் நட்டுவைத்தபடி நிற்க, முட்டி மட்டும் திரும்பியது. உள்ளே 'டப்'பென்று ஒரு சத்தம். பெரியவருக்கு ஒரு கீறல் இல்லை. அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, போர்வையை இழுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் சமையல்கட்டில் போய் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

தைலம் தேய்த்தாள். புத்தூர் கட்டு போட்டாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். வீக்கம் வடிந்ததே தவிர வலி போகவில்லை. நடந்துகொண்டே இருக்கும்போது முட்டி திடீரென்று பூட்டிக்கொள்ளும், அந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அவள் நொண்டுவதைப் பார்த்த ஜெயப்பிரகாஷ் ஒருநாள் ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "அக்கா, முதல்ல உங்க காலைப் பாருங்க. சரியானதும் வாங்க. இது உங்க வீடு." அடுத்த வாரமே அவர் வீட்டில் வேறொரு ஆள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கடலூரில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரி. செல்லக்கிளி அங்கே பலபேருக்குக் கூட இருந்தவள்தான், எந்த வார்டில் எந்த ஃபேன் ஓடாது என்பதுவரை தெரியும். ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"ஜவ்வு தேய்ஞ்சிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது இல்லம்மா இது. எலும்பு மேல குருத்தெலும்பு ஒண்ணு வழவழன்னு மூடியிருக்கும். உங்களுக்கு அதுல ஒரு துண்டு பேந்துபோச்சு. தரையில ஒரு டைல்ஸ் பேந்த மாதிரி. அந்தத் துண்டுதான் உள்ள சுத்திகினு நடுவுல மாட்டுது."

"மாத்திரையில கேக்காதுங்களா?"

"மாத்திரைக்கு ஒட்ட வெக்கத் தெரியாது. துளை போட்டு கேமரா விட்டு அந்தத் துண்ட எடுத்துடலாம். பேந்த இடத்துல எலும்புலயே சின்னச் சின்ன ஓட்டை போட்டு விட்டா உள்ளேருந்து ரத்தம் கசியும். அது உறைஞ்சு அதுலேருந்து புதுசா ஒரு குருத்து வளரும். ஆனா ஆறு வாரம் அந்தக் கால் தரையில படக் கூடாது. ஊணினீங்கன்னா வளர்றது நசுங்கிடும், செஞ்சதெல்லாம் வீண்."

"சரிங்க."

"இப்ப செஞ்சா முட்டி நிக்கும். விட்டா சுத்தி இருக்கிறதும் பேந்துகினே போகும். அப்புறம் ஆளைத் தூக்குற வேலையெல்லாம் நினைச்சே பாக்க முடியாது." டாக்டர் பேனாவை எடுத்தார். "கூட யாரு வந்திருக்கா?"

"நான்தாங்க" என்றாள் செல்லக்கிளி, பழக்க தோஷத்தில்.

டாக்டர் சிரித்துவிட்டார். "நீங்க பேஷண்டும்மா. உங்களுக்குக் கூட யாரு?"

அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. யாரும் இல்லை என்று சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஆள் இல்லை என்பதுதான் பேச்சு. தியேட்டர் வாசலில் ஒருவர் நிற்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், கால் ஊன்றாத பேஷண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் தேதி. ஊரில் இத்தனை பேருக்குக் கூட இருந்தவளுக்குக் கூட இருக்க ஒரு ஆள் கிடைத்தால் முட்டி பிழைக்கும், இல்லாவிட்டால் முட்டியும் போச்சு, பிழைப்பும் போச்சு. விஷயம் அவ்வளவுதான்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். முதலில் அண்ணனுக்கு. அண்ணிதான் எடுத்தாள். "அறுப்பு மிஷின் வந்து வயல்ல நிக்குது. நெல்ல அம்போன்னு வுட்டுட்டு எப்படி வர்றது, நீயே சொல்லு" என்றாள். அண்ணன் பக்கத்தில் இருமுவது கேட்டது. போனை வாங்கி ஒரு வார்த்தை பேசக்கூடாதா அந்த மனுஷன்? பேசவில்லை.

அடுத்து ஜெயப்பிரகாஷுக்கு. அவர் பதறிப்போய்விட்டார், பாவம். மைன்ஸில் மிஷின் ஒன்று பழுதாகி லீவே கிடையாதாம், மனைவிக்கு ஆடிட்டாம். "ஆனா அக்கா, என்ன உதவி வேணும்னாலும் தயங்காம கேளுங்க" என்றார். கேட்டுக்கொண்டுதானே இருக்கிறாள், மகராசன். இன்னும் சில நம்பர்கள். எல்லாருமே நல்லவர்கள். எல்லாருக்குமே தலைக்கு மேல் வேலை. ஒருவர் சாத்துக்குடி அனுப்புகிறேன் என்றார். கமர் நிஷா மட்டும், "நான் வர்றேன்டி" என்று கிளம்பப் பார்த்தாள். அந்த அம்மாளே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள், பஸ் படி ஏறினால் அவளுக்கு ஒரு ஆள் தேட வேண்டும்.

ஒரே ஒரு நம்பரை மட்டும் செல்லக்கிளி அழுத்தவில்லை. அது மணிமொழியுடைய நம்பர்.

மணிமொழி டவுன்ஷிப்பில் ஒரு ஆபீசில் வேலை செய்கிறவள். அவளுடைய அம்மா வள்ளியம்மாள் இடுப்பெலும்பு முறிந்து இதே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செல்லக்கிளிதான் கூட இருந்தாள். அப்புறம் வீட்டிலும் இருந்தாள், கடைசி மூச்சு வரைக்கும். அங்கே அவளுக்குக் கொடுத்த உறவு பெரியம்மா மகள். மணிமொழி வாய்க்கு வாய் 'அக்கா' என்பாள். மற்ற வீட்டில் எல்லாம் ஆட்கள் இருக்கும்போது மட்டும்தான் சித்தியும் அத்தையும், மணிமொழி யாரும் இல்லாதபோதும் அக்கா என்றாள். தீபாவளிக்குத் தனக்கு எடுத்த அதே நிறத்தில் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள். செல்லக்கிளியும் மனுஷிதானே, நம்பிவிட்டாள்.

வள்ளியம்மாள் போன பதினாறாம் நாள் காரியத்துக்குக் குறிஞ்சிப்பாடியிலிருந்து நிஜச் சொந்தங்கள் வேன் பிடித்து வந்து இறங்கின. எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா வாய் சும்மா இருக்காமல், "உங்க பெரியம்மா பொண்ணு ஒருத்தியே ராப்பகலா பாத்துக்கிட்டாங்களே" என்று செல்லக்கிளியைக் கைகாட்டினாள். "எந்தப் பெரியம்மா? எங்க பெரியக்காவுக்குப் பொண்ணே கிடையாதே" என்றாள் வள்ளியம்மாளுக்குத் தங்கையான ஒரு கிழவி. கூடமே திரும்பிப் பார்த்தது. மணிமொழி முகத்தில் ஈயாடவில்லை. "அம்மாவுக்கு வேலைக்கு வெச்சிருந்தவங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்த செல்லக்கிளி அந்தச் சொம்பை ஜன்னலில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் கொள்ளாமல் பின்வாசல் வழியாக நடந்து வந்துவிட்டாள்.

மணிமொழி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வேலைக்கு வைத்த ஆள்தான். அதுதான் செல்லக்கிளிக்கு ஆறவே இல்லை. அன்றிலிருந்து அந்த நம்பருக்குப் போன் போட்டதில்லை, அங்கிருந்தும் வரவில்லை.

சரி, கையைக் காலைப் பிடித்தாவது தேதி வாங்கலாம் என்று அடுத்த வாரம் மறுபடி கடலூருக்குப் போனாள். டாக்டர் அதே பாட்டைத்தான் பாடினார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது வார்டு சிஸ்டர் ருக்குமணி பார்த்துவிட்டாள். ருக்குமணி நல்ல மாதிரி. ஊர் வம்பெல்லாம் தன் வம்பு என்று இழுத்துப் போட்டுக்கொள்கிற நல்ல மாதிரி.

"என்னக்கா, கூட ஆள் இல்லேன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களாமே. நெய்வேலியில தங்கச்சியை வெச்சிகினு இப்படிச் சொல்லலாமா?"

"எந்தத் தங்கச்சி?"

"வள்ளியம்மா பொண்ணு, மணிமொழி மேடம். நீங்க அவங்க பெரியம்மா பொண்ணுதானே? நீங்கதானே சொன்னீங்க?"

ஆமாம், செல்லக்கிளிதான் சொன்னாள். இதே வார்டில், இதே ருக்குமணியிடம், கூசாமல் சொன்னாள். அது பொய், நான் கூலிக்கு இருந்தவள் என்று இப்போது சொல்லலாம்தான். சொன்னால் மணிமொழி வீட்டுக் குட்டு வெளியே வந்துவிடுமே. வீட்டு விஷயத்தை வெளியே விடக் கூடாது என்கிற பழக்கம் வாயைக் கட்டிப்போட்டது.

"சண்டையா?" என்றாள் ருக்குமணி.

"அப்படித்தான்னு வெச்சிக்கயேன்."

அவ்வளவுதான். ருக்குமணிக்கு வேறென்ன வேண்டும். பழைய பேஷண்ட் நம்பரைத் தேடி எடுத்து, செல்லக்கிளி கையைப் பிடித்துத் தடுக்கத் தடுக்க, ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"ஹலோ, மணிமொழி மேடமா? கடலூர் ஆஸ்பத்திரி ருக்குமணி சிஸ்டர் பேசுறேன். உங்கக்கா இங்க முட்டி ஆபரேஷனுக்கு வந்து அநாதை மாதிரி உக்காந்திருக்காங்க."

"எந்த அக்கா?"

"எந்த அக்காவா? நல்லா இருக்கு மேடம் நியாயம். உங்கம்மாவுக்கு எல்லாம் அள்ளிப்போட்டாங்களே, அந்த செல்லக்கிளி அக்கா. பெரியவங்க போயிட்டா சொந்தமும் போயிடுமா?"

அந்தப் பக்கம் ஆபீசில் யாரோ ஃபைல் கேட்பதும் பிரிண்டர் ஓடுவதும் மட்டும் கேட்டது. அந்தம்மா எங்களுக்குச் சொந்தமே இல்லை என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், இந்த ஆஸ்பத்திரி வாசலை இனி மிதிக்க முடியாது. வரட்டும், உண்மைதானே என்று செல்லக்கிளி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிஸ்டர், என்னைக்கு ஆபரேஷன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றது மணிமொழியின் குரல். "நான் வர்றேன்."

ருக்குமணி கையைத் தட்டிக்கொண்டு தேதி வாங்க உள்ளே ஓடினாள். செல்லக்கிளி பெஞ்சிலேயே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என்ன சொல்ல, சந்தோஷம். சும்மா சொல்லக் கூடாது, கல்யாணம் பேசி முடித்தபோதுகூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை அவளுக்கு.

ஆஸ்பத்திரிக்குப் பை கட்ட அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பாருங்கள், அந்தத் தடவை அவள் கட்டியது எல்லாம் கூட இருக்கிற ஆளுக்கு வேண்டிய சாமான். ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு ஒன்றும் தர மாட்டார்கள். ஒரு புதுப் பாய், பூப்போட்ட உறை மாட்டின தலையணை, தட்டு, டம்ளர், கொசுவர்த்தி, ராத்திரிக் குளிருக்கு ஒரு சால்வை. மணிமொழிக்குப் பிளாக் காபி இல்லாமல் பொழுது விடியாது என்று காபித்தூள் பொட்டலம்கூட வைத்தாள். தனக்கு ஒரு மாற்று நைட்டி எடுத்துவைக்க மறந்துபோனாள். கமர் நிஷா பார்த்துவிட்டு, "ஏண்டி, ஆபரேஷன் உனக்கா அந்தப் பொண்ணுக்கா?" என்று கேட்டாள்.

மணிமொழி சொன்னபடி வந்தாள். கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டு, கையில் பிளாஸ்க், தலை இன்னும் ஈரம். கொஞ்சம் இளைத்திருந்தாள். ருக்குமணி நீட்டிய காகிதத்தில் மணிமொழி கையெழுத்துப் போட்டாள். உறவு என்று இருந்த இடத்தில் 'தங்கை' என்று எழுதினாள். செல்லக்கிளி அதை எட்டிப் பார்த்தாள். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தியேட்டருக்குப் போகுமுன் பெண்களுக்கு இரட்டைப் பின்னல் போட்டு அனுப்ப வேண்டும். தோடு, வளையல் எல்லாம் கழற்றிக் கூட இருக்கிறவரிடம் கொடுக்க வேண்டும். எத்தனையோ பேருக்குச் செல்லக்கிளி பின்னிவிட்டிருக்கிறாள், எத்தனையோ பேர் நகையை முந்தானையில் முடிந்து வைத்திருந்திருக்கிறாள். இப்போது மணிமொழி அவளைத் திரும்பி உட்காரச் சொல்லிச் சீப்பை எடுத்தாள். அம்மா செத்த பிறகு தன் தலையில் வேறொரு கை பட்டதே இல்லை என்பது செல்லக்கிளிக்கு அப்போது நினைவு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பின்னட்டுமே என்றிருந்தாள்.

"அன்னைக்குக் காரியத்துல..." என்று ஆரம்பித்தாள் மணிமொழி.

"அதெல்லாம் இப்ப எதுக்கு."

"இல்லக்கா. எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அப்புறம் போன் பண்ணக் கூச்சமா இருந்துச்சு. பண்ணாமலே நாள் போயிடுச்சு."

"வுடு. சாப்ட்டியா நீ?"

"பஸ்ல வரும்போது ரெண்டு பன்னு சாப்ட்டேன்."

"பையில டம்ளர் இருக்குது. காபித்தூளும் இருக்குது. கேண்டீன்ல சுடுதண்ணி கேட்டா குடுப்பான்" என்றாள் செல்லக்கிளி. மணிமொழி என்னமோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே தன் உடம்பு தன்னுடையதாக இல்லாமல் போனது. நடுவில் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். டாக்டர் பக்கத்தில் இருந்த டிவியைக் காட்டி, "பாருங்கம்மா, உங்க முட்டிதான்" என்றார். வெள்ளை வெளேரென்று தேங்காய்ப் பத்தை மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் பொக்கையாக இருந்தது. கிடுக்கி மாதிரி ஒன்று உள்ளே நுழைந்து மிதந்துகொண்டிருந்த துண்டைக் கவ்வி எடுத்தது. அப்புறம் 'டொக் டொக்' என்று மெதுவாகத் தட்டுகிற சத்தம். தட்டின இடத்தில் எல்லாம் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்த்தது. வலியே இல்லை. வெளியே தனக்காக ஒருத்தி நிற்கிறாள் என்ற நினைப்பிலேயே அவளுக்குப் பாதி கேட்கவில்லை, பாதி தெரியவில்லை.

வார்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் மாற்றினார்கள். செல்லக்கிளி தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்டூலில் மணிமொழி இல்லை. சுடிதார் போட்ட ஒரு பெண், முப்பது வயசு இருக்கும், எழுந்து நின்றாள்.

"வாங்கம்மா. வலிக்குதுங்களா? நான் எழில்மதி. குறிஞ்சிப்பாடி."

"மணிமொழி எங்க?"

"அவங்க கெளம்பிட்டாங்க. ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டுத்தான் வந்தாங்களாம். பையனுக்குப் பரீட்சை வேற. ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதுன்னு டாக்டர் வந்து சொல்ற வரைக்கும் இருந்துட்டுத்தான் போனாங்க." அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து கிசுகிசுத்தாள். "என்னைய இங்க ஒரு வாரம், அப்புறம் வூட்ல ஆறு வாரம் பாத்துக்கச் சொல்லி வெச்சிருக்காங்க. யாராவது கேட்டா உங்க நாத்தனார் பொண்ணுன்னு சொல்லச் சொன்னாங்க. சரிங்களாம்மா?"

கட்டிலுக்குக் கீழே புதுப் பாய் ஏற்கனவே விரித்துக் கிடந்தது, பூப்போட்ட தலையணையில் தலை வைத்த பள்ளம் தெரிந்தது. ஏமாந்துபோனாள் என்று சொல்லலாமா? மணிமொழி ஏமாற்றினாளா என்ன? கையெழுத்துப் போட்டாள், தலை பின்னினாள், டாக்டர் வரும்வரை நின்றாள், நல்ல ஆளாகப் பார்த்து வைத்துவிட்டும் போயிருக்கிறாள். எல்லாமே செய்திருக்கிறாள். பெற்ற தாய்க்கு என்ன செய்தாளோ அதில் ஒரு குண்டுமணி குறைக்காமல் இவளுக்கும் செய்திருக்கிறாள். நாம் கூலியாள் என்று நினைத்தோமே, அம்மாவுக்குச் சமமாகத்தானே வைத்திருக்கிறாள் என்று செல்லக்கிளி தன்னையே தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. எழில்மதி பயந்துபோய், "வலிக்குதா, சிஸ்டரைக் கூப்பிடட்டா?" என்று கேட்டாள். வலிக்கவில்லை என்று தலையை ஆட்டினாள்.

எழில்மதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்பேன் வைக்கத் தெரிந்தவள். முகம் சுளிக்கவில்லை. சாயங்காலம் இட்லி வாங்கிவந்து பிட்டுப் பிட்டு ஊட்டினாள். செல்லக்கிளி, நான் கையால் சாப்பிடுவேன் என்று சொல்லப் பார்த்து, சொல்லாமல் வாயைத் திறந்தாள். ஊட்டுகிறவளுக்கு அது ஒரு திருப்தி, அவளுக்குத் தெரியாதா. பக்கத்துக் கட்டில் அம்மா, "பொண்ணா?" என்று கேட்டாள். "நாத்தனார் பொண்ணுங்க" என்றாள் எழில்மதி, கொஞ்சமும் தடுமாறாமல். "குடுத்து வெச்சவங்க" என்றாள் அந்த அம்மா செல்லக்கிளியைப் பார்த்து. செல்லக்கிளி ஆமாம் என்று தலையாட்டினாள்.

மரப்பு இறங்க இறங்க வலி ஏறியது. முட்டிக்குள் யாரோ இன்னும் தட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. வார்டில் விளக்கு போட்ட நேரம், எழில்மதியின் போன் அடித்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினாள்.

"சொல்லுங்க மணிமொழிக்கா... சாப்ட்டாங்க, இட்லி... வலியெல்லாம் இல்லக்கா, ஊசி போட்டிருக்காங்க... இல்லல்ல, அழுவல."

செல்லக்கிளி கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். வார்த்தைக்கு வார்த்தை வள்ளியம்மாளோடு இருந்தபோது அவள் பேசினதுதான். இதே வார்டில் நின்றுகொண்டு, இதே மணிமொழிக்கு, இதே குரலில் அவள் ஒப்பித்ததுதான். நோயாளியிடம் போனைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் எப்ப வர்றே என்று கேட்பார்கள், அந்தப் பக்கம் பிள்ளையும் அழும், இந்தப் பக்கம் இவர்களும் அழுவார்கள், அப்புறம் ராத்திரி முழுக்க யார் தேற்றுவது? அந்தத் தொழில் ரகசியம் எழில்மதிக்கும் தெரிந்திருந்தது.

போனில் மணிமொழி அடுத்து என்ன கேட்டாள் என்பது செல்லக்கிளிக்குக் கேட்கவில்லை, ஆனால் தெரிந்தது. குடுங்க, ஒரு வார்த்தை பேசுறேன் என்றிருப்பாள். செல்லக்கிளிக்கும் பேச வேண்டும் போலத்தான் இருந்தது. ஒரு வார்த்தை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"தூங்குறாங்கக்கா" என்றாள் எழில்மதி.

சொல்லிவிட்டுத் திரும்பினாள். செல்லக்கிளி கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிப்போனது. போனைக் காதிலிருந்து எடுக்கவும் முடியாமல், சொன்னதை விழுங்கவும் முடியாமல் நின்றாள். பாவம், பிழைக்க வந்தவள்.

செல்லக்கிளி தலையை மெதுவாகத் தலையணையில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடினபிறகுதான் அவளுக்கு வள்ளியம்மாள் முகம் தெரிந்தது. தான் போனில் பேசிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அந்தக் கிழவியும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். மாத்திரை அசத்துகிறது, நல்லவேளை தூங்கிவிட்டாள், நாம் சொன்னது பொய்யில்லை என்று செல்லக்கிளியும் நிம்மதியாகப் பாயை விரிப்பாள். ஒரு நாள்கூட அந்த அம்மாள் தூங்கியிருக்க மாட்டாள்.